பத்தாவது கைநாட்டு

பம்பில் காற்று நிற்கவில்லை. லீவரை அழுத்தும்போதெல்லாம் மூடிக்குக் கீழே புஸ்புஸ்ஸென்று கசிந்தது. நாசில் வழியாக விசிறி அடிக்க வேண்டிய தண்ணீர் எச்சில் மாதிரி ஒழுகியது.

"வாஷர்தான்," என்றார் பிச்சை முகம்மது.

"வாஷர் இல்லத்தா. சிலிண்டர்ல கீறல் இருக்கு. வெரல விட்டுப் பாருங்க," என்றான் ஃபவாஸ்.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே பம்பு பாக்க ஆரம்பிச்சவன் நான். எனக்குச் சொல்ல வந்துட்டான்."

வாஷரை மாற்றினார். புஸ். இன்னொரு புது வாஷரைப் போட்டார். அதற்கும் புஸ். மகனைப் பார்க்காமல், எதிர்க்கடையைப் பார்த்துச் சொன்னார்: "சரி, லிஃப்ட் இஞ்சினியர் சொன்னா சரியாத்தான் இருக்கும். மேல போறதும் தெரியும், கீழ வர்றதும் தெரியும்."

கோயம்புத்தூரில் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் ஃபவாஸுக்கு வேலை. லீவு கிடைத்தால் கொடைக்கானலுக்கு வந்து, மூஞ்சிக்கல் கடைத்தெருவில் அத்தாவின் பம்புக் கடையில் உட்காருவான். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். அத்தா டிரம்மை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்ள, ஃபவாஸ் கையை உள்ளே விட்டு உப்புத்தாளால் கீறலைத் தேய்த்தான். எண்ணெய் தடவி மறுபடி பூட்டினார்கள். தண்ணீரை நிரப்பி அத்தா தெருவைப் பார்த்து அடித்தபோது பனித்தூவல் மாதிரி ஒரே சீராகப் பறந்தது. அந்தப் பக்கம் சோளம் தின்றுகொண்டு போன சுற்றுலா ஜோடி ஒன்று நனைந்து, திரும்பி முறைத்தது.

"பன்னீருங்க! கொடைக்கானல் வந்தவங்களுக்கு இலவசம்," என்று கூவினார் பிச்சை முகம்மது. முறைத்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

பம்பு பூம்பாறை மகாதேவியுடையது. பூண்டுக்கு மருந்தடிக்கிற பம்பு. அந்த ஊர்க்காரர் குழந்தைவேல் கொண்டுவந்து போட்டிருந்தார். அவர் கையிலேயே திருப்பி அனுப்பிவிடலாம் என்றான் ஃபவாஸ்.

"இல்ல. இத நானே கொண்டு போய்க் குடுக்கேன்னு சொல்லிவிட்டிருக்கேன். அவகிட்ட ஒரு சேதி சொல்ல வேண்டியிருக்கு."

"ஃபோன்ல சொல்லுங்கத்தா."

"ஏலே, எல்லாச் சேதியையும் ஃபோன்ல சொல்லிர முடியுமா? வியாழக்கிழமை கடைய அடைச்சுட்டுப் போறேன்."

திங்கட்கிழமை வெள்ளனே ஃபவாஸ் பஸ் ஏறினான். புதன்கிழமை மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டுக் கடைக்கு வந்த பிச்சை முகம்மது, ஷட்டரை முக்கால்வாசி தூக்கினார். மிச்சத்தைத் தூக்கவில்லை.

ஃபவாஸ் வந்து சேர்ந்தபோது அத்தாவைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றி வைத்திருந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. அடக்கம் செய்யும் மையவாடியில் மண் வழுக்கியது. பூம்பாறையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். மஃப்ளரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குழந்தைவேல் சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினார். மகாதேவி வரவில்லை.

*

பிச்சை முகம்மது வத்தலக்குண்டில் பிறந்தவர். பதினெட்டு வயதில் மாமா ஒருவரின் உரக்கடைக்கு வேலையாக மலையேறி வந்தார். குளிர் பிடித்துப்போய் இங்கேயே தங்கிவிட்டார் என்பது அவர் சொல்லும் கதை. ஃபக்ருன்னிசாவைப் பிடித்துப்போய்த் தங்கினார் என்பது ஊர் சொல்லும் கதை. கடையில் உட்கார்ந்து அவர் வியாபாரம் பார்த்ததைவிட, தோளில் ரெண்டு பம்பை மாட்டிக்கொண்டு பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று பஸ்ஸிலும் ஜீப்பிலும் அலைந்ததுதான் அதிகம். வாய் ஓயாது. கண்டக்டரோடு சண்டை, உருளைக்கிழங்கு ஏற்றும் லாரிக்காரரோடு பந்தயம். பந்தயத்தில் பெரும்பாலும் தோற்பார். தோற்றதை அடுத்த ஊரில் போய் ஜெயித்ததாகச் சொல்வார்.

அப்படிப்பட்டவருக்குத் தேர்தலில் நிற்கும் யோசனை வந்தது ஒரு வாந்தியால். மலைக்கும் கீழ்நாட்டுக்கும் சேர்த்து ஒரே தொகுதி. ஓட்டில் கனம் கீழேதான், அதனால் வேட்பாளரும் கீழேயிருந்துதான் வருவார். ஒரு தேர்தலில் அப்படி ஒருவர் பூம்பாறைக்கு ஓட்டுக் கேட்க வந்தார். கொண்டை ஊசி வளைவுகளைத் தாங்காமல், ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் முன்னாலேயே கார்க் கதவைத் திறந்து வாந்தியெடுத்தார். மங்கிக் குல்லாயோடு கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார். ஜெயித்தார். அப்புறம் வரவில்லை.

"ஒரு தடவ ஏறுறதுக்கே கொடலப் பொரட்டுது. ரோடு சரிஞ்சா எப்படி வருவாரு?" என்று கேட்டார் பிச்சை முகம்மது.

"நீயே நில்லு பாயி. உனக்குத்தான் வாந்தி வராது," என்றார் குழந்தைவேல்.

விளையாட்டாகச் சொன்னது. இவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

கட்சிக்காரருக்கு ஒரு முன்மொழிபவர் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். பத்தும் அந்தத் தொகுதி வாக்காளராக இருக்க வேண்டும், பத்தும் கையெழுத்துப் போட வேண்டும். எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம். ஆனால் அதைத் தேர்தல் அதிகாரி முன்னால்தான் வைக்க வேண்டும், அவர் அதற்குச் சான்று தர வேண்டும். அதிகாரியின் அலுவலகம் மலைக்குக் கீழே.

குழந்தைவேலோடு சேர்த்து ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். பத்தாவது ஆள் மகாதேவி. புருஷன் போனபின் தனியாகப் பூண்டுக் காடு பார்க்கிறவள். பிச்சை முகம்மதை 'பாயண்ணே' என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். மகளிர் குழுக் கூட்டத்தில் கோணல்மாணலாக, ஆனால் முழுசாக, பெயரை எழுதுவாள். அன்றைக்கு அவள் பேனாவை வாங்கவில்லை.

"கூட்டத்துக்கு வந்தேன் போனேங்கிறதுக்குக் கையெழுத்துப் போட்டாப் போதும். பாயண்ணனுக்கு அது பத்தாது. கையெழுத்த எவன் வேணாலும் போட்டுக்குவான். நாட்டு என்னுது மட்டுந்தான்," என்றாள். அவர்கள் வீட்டில் நிலப் பாகம் பிரித்தாலும், பெண்ணுக்குப் பரிசம் போட்டாலும், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள்கூடக் கட்டைவிரலைத்தான் வைப்பார்கள். பெரிய காரியத்துக்கு அதுதான் மரியாதை. ரேசன் கடை மெஷின்கூடக் கையெழுத்தையா கேட்கிறது, விரலைத்தானே கேட்கிறது என்று குழந்தைவேலும் ஒத்து ஊதினார். பிச்சை முகம்மதுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பத்திலேயே கெட்டியானது இதுதான் என்று நினைத்து, பத்திரமாக மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

மனுத்தாக்கலுக்குக் கடைசி நாள் அது. மத்தியானம் ஒரு மணிக்கு அலுவலகத்தில் மனுவைப் பார்த்தவர் பொறுமையாகத்தான் சொன்னார். இந்தக் கைநாட்டு செல்லாது. அந்த அம்மா மூன்று மணிக்குள் நேரில் வந்து வைத்தால் சரி, இல்லையென்றால் ஒன்பது பேர்தான் கணக்கு.

பிச்சை முகம்மது ஃபோன் போட்டார். மகாதேவி களைக்கொத்தைப் போட்டுவிட்டு, காட்டுச் சேலையோடு, ஒட்டன்சத்திரம் போகிற காய்கறி வேனில் தொற்றிக்கொண்டாள். பூம்பாறையிலிருந்து கொடைக்கானலுக்கு ஒரு மணி நேரம். அங்கிருந்து கீழே இறங்க இரண்டரை மணி நேரம். வேன் எவ்வளவு வெரசாப் போனாலும் மலைப்பாதை மலைப்பாதைதான். அவள் வந்து இறங்கியபோது கேட் சாத்தியிருந்தது. காவலுக்கு நின்ற போலீஸ்காரரிடம் பேனா வாங்கி, வேன்காரரின் சரக்குச் சீட்டுக்குப் பின்னால் 'மகாதேவி' என்று எழுதி, கேட்டுக்கம்பி வழியாக நீட்டினாளாம்.

"எனக்கு எழுதத் தெரியும் சார். எழுதத் தெரியும். பாருங்க."

இதைப் பிச்சை முகம்மது ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். மற்ற கதைகளை மாதிரி இதை அவர் மாற்றிச் சொன்னதில்லை. ஜெயித்ததாகவும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு மகாதேவி கடைத்தெருப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டாள். மூஞ்சிக்கல்லில் இறங்க வேண்டியவள், முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிச் சுற்றிப் போனாள். பம்பு கெட்டால் அடுத்தவர் கையில் கொடுத்தனுப்பினாள்.

*

மனு தள்ளுபடியான மறுநாளே வழக்குப் போடப் போனார்கள். தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போது கோர்ட் உள்ளே வராது, முடிந்தபின் வா என்பது சட்டம். முடிந்தபின் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் வக்கீல் ராஜமுருகன் தேர்தல் வழக்குத் தாக்கல் செய்தார். அவரும் வத்தலக்குண்டுக்காரர்தான், பாதிக் கட்டணத்துக்கு வாதாடினார். தேர்தல் வழக்கை ஆறு மாதத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்திலேயே ஓர் ஆசை எழுதி வைத்திருக்கிறது. ஆறு மாதம் கழிந்து வருடங்கள் ஆயின. எதிர்த்தரப்பு வக்கீல் வாய்தா கேட்டார், நீதிபதி மாறினார், புது நீதிபதி முதலிலிருந்து கேட்டார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் பிச்சை முகம்மது சென்னைக்குப் போனார், அந்த வெக்கையிலும் கையில்லாத கம்பளிச் சட்டையோடு.

"பாய், இது மெட்ராஸ். கழட்டுங்க," என்பார் ராஜமுருகன்.

"கோர்ட்டுல ஏசி இருக்குல்லங்க. அதுவுமில்லாம, மலைக்காரன்னு ஜட்ஜய்யாவுக்குத் தெரியணும்."

ஃபவாஸுக்கு இந்த வழக்கில் நம்பிக்கை இருந்ததில்லை. லிஃப்டில் கயிறு ஒன்று அறுந்தாலும் மற்றவை தாங்கும்படிதான் கட்டுவார்கள். இந்தச் சட்டம் பத்துக் கயிறு கேட்கிறது, ஒன்று போனால் மொத்தமும் கீழே என்கிறது. அப்படி ஒன்றை அவன் வேலையில் யாராவது வரைந்து கொடுத்திருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டான். அத்தாவிடம் இதைச் சொன்னபோது அவர் கண் விரிந்தது.

"இத அப்படியே கோர்ட்டுல வந்து சொல்லுலே!"

கடைசி வாய்தாவில்தான் ஒரு வெளிச்சம் தெரிந்தது. மலைமேல் இருக்கிற வாக்காளர் கைநாட்டுக்குச் சான்று வாங்க ஒரு நாள் முழுக்க இறங்கி ஏற வேண்டும் என்றால், அந்த விதி எல்லாருக்கும் ஒரே விதியா என்று நீதிபதி எதிர்த்தரப்பைக் கேட்டார். அடுத்த வாய்தாவில் மகாதேவி சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும் என்றார் ராஜமுருகன். அந்தக் கைநாட்டும், அவள் கேட் வரை ஓடி வந்ததும்தான் வழக்குக்கு அஸ்திவாரம். அது இல்லையென்றால் கேட்பதற்குக் கேள்வியே இல்லை.

வியாழக்கிழமை பம்போடு கொண்டுபோகவிருந்த சேதி அதுதான். 'உன்னாலே கெட்டது என்று நினைத்துக்கொண்டு சுற்றிப் போகிறாயே தாயி, உன்னாலேதான் நிற்கிறது.'

*

அத்தா இறந்த மூன்றாவது வாரத்தில் ராஜமுருகன் ஃபோன் செய்தார்.

"தம்பி, மனு போட்டவரு இறந்துட்டா தேர்தல் வழக்கும் முடிஞ்சிரும். அரசிதழ்ல அறிவிப்பு வந்துருச்சு. இன்னும் பதினாலு நாள். அதுக்குள்ள அந்தத் தொகுதி வாக்காளர் யாராச்சும் அவரு எடத்துல நிக்கிறேன்னு நேர்ல வரணும்."

"நான் வர்றேன் சார்."

"உங்க ஓட்டு எங்க இருக்கு?"

கோயம்புத்தூரில் வேலை கிடைத்த வருடமே, ஓட்டை அங்கே மாற்றிக்கொள் என்று பிடிவாதமாக நின்றவர் அத்தாதான். சோறு திங்கிற ஊரில் ஓட்டு இல்லாமல் எப்படி என்று தினமும் ஃபோனில் நச்சரித்தார். மாற்றிய அன்று கடைத்தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார்.

அம்மாவின் ஓட்டு கொடைக்கானலில்தான் இருந்தது. ஃபக்ருன்னிசா உள்ளறையில், புருஷன் இறந்தால் இருக்க வேண்டிய இத்தா இருந்தாள். நான்கு மாதம் பத்து நாள் வாசலைத் தாண்டக் கூடாது.

"நான் இத்தாவுல இருக்கேன்," என்றாள்.

"தெரியும்மா. பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்டக் கேட்டுப் பாக்கவா? அவசியம்னா..."

"கேக்காத." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஹஜ்ரத்து போகலாம்னு சொல்லிட்டாலும் நான் போக மாட்டேன். அந்த வழக்கு எத்தன தடவ உங்கத்தாவ மலையிறக்கி ஏத்துச்சு. நெஞ்ச அமுக்கிப் புடிச்சுக்கிட்டே பஸ் ஏறுவாரு, எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. இன்னமும் அதுக்கு ஆள் வேணுமா? நான்தான் கெடச்சேனா?"

ஃபவாஸ் வழக்குக் காகிதங்களை லேப்டாப் பைக்குள் எடுத்து வைத்தான்.

மறுநாள் பூம்பாறை. குழந்தைவேல் டீ வாங்கிக் கொடுத்தார், பன் வாங்கிக் கொடுத்தார், தோளைத் தட்டினார். விஷயத்துக்கு வந்ததும் டீக்கிளாஸுக்குள் பார்த்தார்.

"தம்பி, பாயி முன்னாடி நின்னாரு, நாங்க பின்னாடி நின்னோம். பின்னாடி நிக்கச் சொல்லு, இப்பவும் நூறு பேரு வருவோம். முன்னாடி நிக்கிறதுக்கு ஒரு ஆளு வேணும்ல? எனக்கு மெட்ராஸ் கோர்ட்டுல வாயே வராதுப்பா. எதிர்ல உக்காந்திருக்கிறது எம்மெல்லே. நாளைக்கு ஒரு சோலின்னா நான் யாருகிட்டப் போயி நிக்கிறது?"

கையெழுத்துப் போட்ட மற்ற எட்டுப் பேரையும் பார்த்தான். ஒருவர் ஊரில் இல்லை, ஒருவர் படுக்கையில் கிடந்தார். மற்றவர்கள் எல்லாரும் டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

மகாதேவி படிக்கட்டுக் காட்டின் மூன்றாவது தட்டில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தாள். லேப்டாப் பையில் வழக்குக் காகிதங்களோடு அவன் ஏறி வருவதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அத்தே, நான்..."

"தெரியிது. நடையே சொல்லுதே." கையைச் சேலையில் துடைத்தாள். "அண்ணே அடக்கத்துக்கு நான் வரல தம்பி. எல்லாரும் வேன்ல ஏறுனாக. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் ஏறுறது?"

அவன் சொன்னான். நேராக, சுருக்கமாக, வேலையில் பழுதுக் குறிப்பு எழுதுகிற மாதிரி சொன்னான். கைநாட்டு தப்பில்லை, வழக்கே அதன் மேல்தான் நிற்கிறது, நீதிபதியே கேட்டார், வக்கீல் இப்படிச் சொன்னார். அவள் கடைசி வரை கேட்டாள்.

"இது பாயண்ணே சொன்னதா, நீ சொல்றதா?"

"அத்தா சொல்லத்தான் வர்றதா இருந்தாரு."

"வரலயே."

கீழ்த்தட்டில் யாரோ மருந்தடித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"நீங்க ஒரு தடவ மெட்ராஸ் வந்து கையெழுத்துப் போட்டாப் போதும் அத்தே. நான் கூட்டிட்டுப் போயிக் கூட்டிட்டு வர்றேன்."

"கையெழுத்தா?" சிரித்தாள். அதில் சிரிப்பு இல்லை. "நாட்டு வச்சேன், கையெழுத்துல்ல வேணும்னாக. ஓடிப்போயிக் கையெழுத்துப் போட்டேன், நேரம் முடிஞ்சு போச்சுன்னாக. இப்ப மறுபடி கையெழுத்துங்கிற. அதுல என்ன கொற இருக்கோ, யாரு கண்டா? வேணாஞ்சாமி. இந்தக் கை ஒரு மனுசனக் கவுத்தது போதும்."

"நீங்க கவுக்கல அத்தே."

"அத நீ சொன்னா எனக்கு ஆறுமா? அவரு வந்து சொல்லணும்." குனிந்து களைக்கொத்தை எடுத்தவள், எடுத்தபடியே கேட்டாள்: "பம்பு எங்க?"

ஃபவாஸ் தன் கையைப் பார்த்துக்கொண்டான். காகிதம் அத்தனையும் எடுத்து வந்திருந்தான். பம்பை எடுத்து வரவில்லை. நினைவே வரவில்லை.

"கடையில இருக்கு. சரி பண்ணியாச்சு. நாளைக்கே கொண்டாந்து தர்றேன்."

"கொண்டாராத." அவள் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "அண்ணே தன் கையால கொண்டாரேன்னு சொல்லிவிட்டாரு. குழந்தைவேலு வந்து சொன்னதுல இருந்து, வந்தா என்ன சொல்றதுன்னு பாடம் பண்ணிக்கிட்டு இருந்தேன். நீ கொண்டாந்து வச்சிட்டேன்னா, அவரு வர வேண்டியதில்லன்னு ஆயிப்போகும். அங்கயே கெடக்கட்டும். கீழ்வீட்டுப் பம்ப எரவல் வாங்கிக்கிடுவேன்."

களைக்கொத்து மண்ணில் இறங்கியது. அதற்குப் பிறகு அவள் நிமிரவில்லை.

*

பதினாலு நாளும் கழிந்தது. ராஜமுருகன் ஒரே வரியில் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார், வழக்கு முடித்துவைக்கப்பட்டது என்று. விதி சரியா தப்பா என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் நீதிமன்றத்துக்கு இல்லாமல் போயிற்று. வரப்போகிற தேர்தலுக்கும் பத்து முன்மொழிபவர், பத்துக் கையெழுத்து, அதிகாரி மலைக்குக் கீழே.

விலை பேசி முடித்திருந்த கடையை ஒப்படைப்பதற்கு முன்னால் ஃபவாஸ் ஷட்டரை முழுசாகத் தூக்கி உள்ளே போனான். ரிப்பேருக்கு வந்திருந்த பம்புகளை ஒவ்வொன்றாக உரியவர்கள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். ஒன்று மட்டும் பெஞ்சுக்கு அடியில் மிச்சம் இருந்தது. தூக்கியபோது கனத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஊற்றிய தண்ணீர் பாதி அப்படியே உள்ளே இருந்தது. கொட்டாமல் விட்டால் வாஷர் ஊறிக் கெட்டுவிடும்.

வாசலுக்குக் கொண்டுவந்து லீவரை அழுத்தினான். காற்று நின்றது. தண்ணீர் ஒரே சீராக, பனித்தூவல் மாதிரி தெருவில் பறந்தது. யாரும் நனையவில்லை. டிரம் காலியாகும் வரை அடித்தான். பிறகு துடைத்து, எண்ணெய் போட்டு, அத்தா உட்காரும் இடத்துக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டினான். கடையை வாங்குகிறவரிடம் அதைக் கழற்ற வேண்டாம் என்று சொன்னான். அவர் ஏன் என்று கேட்டார்.

"பூம்பாறைக்குக் கொண்டு போக வேண்டியது," என்றான் ஃபவாஸ்.

"யாரு கொண்டு போறா?"

வெளியே பூம்பாறை பஸ் ஆள் கூப்பிட்டுக்கொண்டு நின்றது. அவன் கோயம்புத்தூர்ப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஷட்டரை இறக்கினான்.